தூண்டிலத் தூக்குமுன்ன பேப்பரப் பாருலே

ஏலே மக்கா, வா, இங்கன திண்ணையில உக்காரு. தோள்ல என்னது அது? தூண்டிலா! நான் காத்தாடிக் கம்பெனிக்காரன் காத்து அளக்கக் கொண்டு போற கம்பின்னுல்லா நெனச்சேன். ரீலு இருக்கு, மினுங்குத முள்ளு இருக்கு, ரப்பர் தவளை இருக்கு, தொப்பி இருக்கு, கறுப்புக் கண்ணாடி இருக்கு. எல்லாம் கூரியர்ல வந்துதா? சந்தோசம். மீனு மட்டுந்தான் கூரியர்ல வரல போல.

கோவிச்சுக்கிடாத. ஊர்ல நாலு பேரு சிரிக்குமுன்ன நான் சிரிச்சுட்டா ஒனக்குப் பழகிப்போவும்லா, அதுக்குத்தான். அவங்க சிரிக்கிறதுலயும் ஒரு ஞாயம் இருக்கு. கூடங்குளத்துக்காரனுக்குத் தெக்க ரெண்டு எட்டு வச்சா கடலு. கெழக்க இடிந்தகரை, மேக்க பெருமணல். விடியக்காலம் கரைக்குப் போயி நின்னா வல்லத்துல இருந்து எறக்குத மீனு இன்னும் வால ஆட்டிக்கிட்டுக் கெடக்கும். நீ என்னன்னா கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, வடக்க பாத்து நம்பியாறு அணைக்கட்டுக்குப் போறேங்கே. போ. குளத்து மீனுக்கு ஒரு ருசி உண்டு, அத நான் மறுக்கல. ஆனா ஒண்ணு கேக்கேன். இன்னைக்குப் பேப்பர் பாத்தியா?

சினிமா நியூசு இல்லடா கோட்டிக்காரா. உள்பக்கத்துல, ஒரு மூலையில, அணைகள் நீர்மட்டம்னு பொடி எழுத்துல போட்டிருப்பான். நம்ம ஜில்லாவுல பேப்பர் வாங்குத சம்சாரி முதல்ல படிக்கிறது அதத்தான். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கொடுமுடியாறு 52 சொச்சம், வடக்குப் பச்சையாறு 49 சொச்சம், நம்பியாறு 22.96. இதெல்லாம் அந்தந்த அணை நெறைஞ்சா நிக்குத உயரம். பக்கத்துல இன்னைக்கு எவ்வளவு நிக்கி, உள்ள எவ்வளவு வருது, வெளிய எவ்வளவு போவுதுன்னு இருக்கும். இந்த மூணு எண்ணத் தெரியாம அணைக்குப் போறவன் மீன் புடிக்கப் போகல, காத்து வாங்கப் போறான். காத்துதான் வேணும்னா நம்ம ஊர்லயே வேண்டிய மட்டும் அடிக்குதே, அதுக்கு எதுக்குப் பெட்ரோலு?

நீ சொல்லுத நம்பியாறு அணை ராதாபுரம் தாலுகாவுல, கோட்டைக்கருங்குளத்துல இருக்கு. மொத்தமே இருவத்து மூணு அடி கூட இல்ல. ஆயிரத்து எழுநூத்துச் சொச்சம் ஏக்கருக்குத்தான் பாசனம். பாபநாசத்துல நாலு அடி எறங்கினா ஒருத்தனும் கவனிக்க மாட்டான். இங்கன நாலு அடி எறங்கினா நேத்து நீ முள்ளு போட்ட எடத்துல இன்னைக்கு ஆடு மேயும். அதனால எண்ணப் பாரு. ஏறிக்கிட்டு இருந்தா மீனு கரையோரம் வந்திருக்கும். புதுசா முங்குத புல்லுல புழுவும் பூச்சியும் வெளிய வரும்லா, அதத் தின்ன வரும். அப்பம் முழங்கால் ஆழத்துல போடு, நடுவுல எறியாத. ஏறாம எறங்காம நாலு நாளா ஒரே எடத்துல நின்னா மீனு நிதானத்துல இருக்கும், அது ஒனக்கு நல்ல நாளு. எறங்கிக்கிட்டு இருந்தா மேட்டுல ஒண்ணும் நிக்காது. மடை வாசலுக்கும் பழைய ஆத்துத் தடத்துக்கும் ஒதுங்கியிருக்கும். அந்தத் தடம் எங்கன கெடக்குன்னு தெரியணும்னா சித்திரையில வத்தின அணையப் போயிப் பாக்கணும். நீ சித்திரையில ஏசி ரூம விட்டு வரமாட்டே, தெரியும். அங்கன ஆடு மேய்க்கிறவர்ட்ட கேளு. கேக்கும்போது அந்தக் கண்ணாடியக் கழத்திட்டுக் கேளு.

நம்ம சீமையில தண்ணி எங்கருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிடு. ஒண்ணு நம்ம சொந்த மழை, ஐப்பசி கார்த்திகையில வாரது. ரெண்டாவது மணிமுத்தாறு. காமராசர் காலத்துல கட்டின அணை, அதோட கால்வாய்ல நாலாவது ரீச்சு வந்து நம்ம பக்கத்துக் குளத்தத் தொடும், தண்ணி மிஞ்சினா. மூணாவது பேச்சிப்பாறைத் தண்ணி. திருவாங்கூர் மகாராசா காலத்துல, 1906ல கட்டி முடிச்ச அணை. அதுல இருந்து ராதாபுரம் கால்வாய் வழியா 52 குளத்துக்கு வரணும். வரும்னு சொல்லுவாங்க. கன்னியாகுமரி ஜில்லாக்காரன் வாய நனைச்சு, வயல நனைச்சு, மிச்சம் இருந்தா நமக்கு. நம்ம கூடங்குளத்து அணு உலைக்கே முதல்ல பேச்சிப்பாறைத் தண்ணியத்தான் கொண்டாரதாத் திட்டம் போட்டாங்க. சனங்க சண்ட போட்ட பொறவு, கடத் தண்ணியிலயே உப்பப் பிரிச்சு எடுத்துக்கிடுதான். ஆயிரம் மெகாவாட்டு உலை ரெண்டு வச்சிருக்கிறவனே குளத்துத் தண்ணிய நம்பல. நீ ஒரு கம்ப வச்சுக்கிட்டு நம்பிப் போறே பாரு, அந்தத் தைரியத்துக்கு ஒன்ன மெச்சணும்.

இனி காலத்துக்கு வாரேன். ஆனியில இருந்து ஆவணி வரைக்கும் நமக்கு மேகாத்து. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வந்து முப்பந்தல் காத்தாடியெல்லாம் சுத்தவச்சுட்டு நம்ம வேட்டியையும் உருவும். இந்தக் காலத்துல நம்ம ஊர்க்காரன் செய்யுத முதக் காரியம், காத்துப் படாத மேக்கரையில ஒரு கருவேல மரத்தடியில ஒதுங்கி உக்காருதது. சொகமாத்தான் இருக்கும். மீனு இருக்காது. காத்து தண்ணிய மேக்க இருந்து கெழக்க தள்ளுதுல்லா, தண்ணியில மெதக்குத பாசி, பூச்சி, விதை எல்லாம் கீழக்கரையில போயிச் சேரும். அதுக்குப் பின்னால பொடிமீனு போவும், அதுக்குப் பின்னால பெருசு போவும். கீழக்கரையில நிக்கணும், மூஞ்சியில மண்ணு அடிக்க நிக்கணும். காத்து எந்தப் பக்கம்னு பாக்க விரல எச்சில்ல நனைச்சுத் தூக்காத. காத்தாடிய நிமிந்து பாரு. அதோட மூஞ்சி எங்க திரும்பியிருக்கோ அங்கருந்து காத்து. அதுக்கு நேர் எதுத்த கரை ஒன் கரை. கோடிக் கணக்குல செலவழிச்சு ஒருத்தன் ஒனக்குத் தெச காட்ட நட்டு வச்சிருக்கான், சும்மா கெடைக்கி, பயன்படுத்திக்கிடு.

புரட்டாசியில காத்து விழும். வெக்க புழுங்கும். மேகம் மூடிக்கிட்டு, எல அசையாம ரெண்டு நாளு இருந்துதுன்னா விடியக்காலம் போயிப் பாரு, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். ஒடனே, ஆகா எம்புட்டு மீனுன்னு முள்ளப் போடாத. அது பசியில வரல, மூச்சு முட்டி வந்திருக்கு. ராத்திரி பூரா மீனும் பாசியும் சேர்ந்து தண்ணியில உள்ள ஆக்சிஜன இழுத்துப்புடும். வெயில் ஏறினாத்தான் பாசி அதத் திருப்பிக் குடுக்கும். மூச்சு முட்டுதவன்ட்ட வடையக் காட்டினா திம்பானா? வீட்டுக்குப் போயி ஒறங்கு. வெயில் வந்த பொறவு, பத்து மணிக்கு மேல வா.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில புதுத்தண்ணி வரும்போது ஓடையில மீனு எதுத்து ஏறும். கெளுத்தி, விரால், குரவை, தேளி எல்லாம் வயித்துல சினையோட ஏறும். அப்பம் ஊத்தாவும் வீச்சுவலையும் எடுத்துக்கிட்டு ஓடைக்கு ஓடுத கூட்டம் ஒண்ணு உண்டு. பை நெறைய அள்ளிக்கிட்டு வந்து, அடுத்த வருசம் குளத்துல மீனே இல்ல, எல்லாம் காலம் கெட்டுப் போச்சுன்னு டீக்கடையில பேசுததும் அதே கூட்டந்தான். நீ அந்தக் கூட்டத்துல சேராத. மழையையும் லேசா நெனைக்காத. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சு. வருசம் பூரா பெய்ய வேண்டிய மழை ஒரே நாள்ல. அன்னைக்குத் தாமிரபரணி ஊருக்குள்ள வந்துது, ஒடைஞ்ச குளத்து மீனெல்லாம் வயலப் பாத்து ஓடிச்சு. அந்த மாதிரி நாள்ல மறுகால் மேல நின்னுக்கிட்டு செல்போன்ல படம் புடிக்கிற பயல மீனு புடிக்காது, தண்ணி புடிக்கும்.

மார்கழி தையில தண்ணி நெறைஞ்சு, கலங்கல் தெளிஞ்சு நிக்கும். குளிருக்கு மீனு மந்தமா இருக்கும், சூரியன் நல்லா ஏறின பொறவுதான் வாயத் தொறக்கும். நீ ஒன்பது மணி வரைக்கும் ஒறங்குதவன்லா, இது ஒனக்குன்னே கடவுள் படைச்ச காலம். தெளிஞ்ச தண்ணியில தடிச்ச தங்கூசியக் கண்டா மீனு ஒதுங்கும், மெல்லிசாப் போடு. கரையில நடமாட்டம் கூடாது, பாட்டு கூடாது. மாசி பங்குனியில பிசான அறுப்புக்குத் தண்ணி எறங்க எறங்க மீனு ஆழத்துல நெருங்கும். அப்பம் கூந்தங்குளத்துக்கு வந்த கூழைக்கடாவும் செங்கால் நாரையும் நம்ம குளத்துக்கும் ஒரு எட்டு வரும். நீர்க்காகம் எந்த எடத்துல திரும்பத் திரும்ப முங்குதோ அந்த எடத்தக் குறிச்சுக்கிடு. அது ஒன்ன மாதிரி பொழுதுபோக்குக்கு வரல, வயித்துப்பாட்டுக்கு வந்திருக்கு, பொய் சொல்லாது.

எந்த மீனுக்கு என்ன எரைன்னு கேப்பே. மீனு தண்ணிக்குள்ள நம்ம டவுன் பஸ் மாதிரி, அவனவனுக்கு ஒரு எடம் உண்டு. கட்லா மேல மேயும், ரோகு நடுவுல, மிர்கால் அடியில. நீ தக்கைய ஒரே ஆழத்துல கட்டிவச்சுக்கிட்டு மூணையும் கூப்பிட்டா எப்படி வரும்? தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் லேசா வறுத்து, சோத்துத் தண்ணி விட்டுப் பெசஞ்சு உருண்டை புடி. தண்ணியில போட்டா பைய கரையணும், ஒடனே ஒடையக் கூடாது. முந்தின நாளே ரெண்டு கைப்புடி அதே எடத்துல வீசிட்டு வா. இந்த மூணு மீனும் நம்ம மண்ணு மீனு இல்ல, கங்கைப் பக்கத்து ஆளுங்க. ஓடாத குளத்துத் தண்ணியில முட்டை போடாது. 1957ல ஹீராலால் சவுத்ரின்னு ஒரு விஞ்ஞானி பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டு முட்டையிட வச்சார். அந்த ஜூலை 10தான் இப்பம் தேசிய மீன் விவசாயிகள் நாளு. அந்த ஊசியாலதான் பண்ணையில குஞ்சு பொரிச்சு, வருசா வருசம் நம்ம குளத்துல விடுதாங்க. அப்படின்னா நீ புடிக்கிற ஒவ்வொரு ரோகும் யாரோ காசு குடுத்து விட்டதுன்னு அர்த்தம். அந்த யாரோ யாருன்னு பொறவு சொல்லுதேன்.

ஜிலேபி அப்படி இல்ல. 1952ல வெளிநாட்டுல இருந்து வந்துது, ரேசன் கார்டு வாங்காத கொறையா இங்கேயே தங்கிப்போச்சு. ஆழம் கொறைஞ்ச கரையில வட்ட வட்டமாப் பள்ளம் தெரியுதா, அது ஆண் ஜிலேபி தோண்டின கூடு. பொட்டை முட்டைய வாய்க்குள்ள வச்சுக் குஞ்சு பொரிக்கும். அந்த நாள்ல எரையச் சீண்டாது, நீ பீட்சா போட்டாலும் சீண்டாது. மத்த நாள்ல ஒரு மண்புழுத் துண்டு போதும். இத்தினிக்காணு முள்ளு, இத்தினிக்காணு புழு. ஒன் பொட்டியில இருக்குத முள்ளுக்குச் சுறாதான் வரணும்.

விராலுக்கு அந்த ரப்பர் தவளை சரிதான், ஒத்துக்கிடுதேன். ஆனா எறியுத எடம் தெரியணும். விரால் மூச்சுக்கு மேல வாரது. அல்லிக்கொடிக்கும் புல்லுக்கும் நடுவுல தண்ணி ஒரு பொட்டு பொங்கி அடங்கும், 'ப்ளுக்'குன்னு ஒரு சத்தம். அந்த எடத்துல நேராப் போடாத, அதத் தாண்டிப் போட்டு பைய இழு. ஒரு சாண் இழு, நிறுத்து. மறுபடி ஒரு சாண். கடிச்ச ஒடனே வெடுக்குன்னு இழுக்காத, அது வாய்க்குள்ள வச்சுத் திரும்புத வரைக்கும் ஒரு மூச்சு பொறு. ஒன் வயசுல பொறுக்கிறது கஷ்டந்தான்.

தக்கையப் படிக்கக் கத்துக்கிடு, அதுதான் மொத்தப் படிப்பும். ஒரு மயிலிறகுத் தண்டு போதும், கடையில வாங்குத செவப்புப் பம்பரம் வேண்டாம். பொடிக்கெண்டை கொத்தினா தக்கை நடுங்கும், போவாது. நடுங்குததுக்கெல்லாம் இழுத்தா புழுதான் காலியாவும். ஜிலேபி ரெண்டு கொத்து கொத்திட்டுப் பக்கவாட்டுல கொண்டு போவும். மிர்கால் அடியில கெடக்க எரையத் தூக்கும்போது ஈயக்குண்டோட பாரம் விட்டுப்போயித் தக்கை படுத்துக்கிடும். கோட்டிக்காரன் அதப் பாத்து அடியில தட்டிட்டுதுன்னு நெனைப்பான், வெவரக்காரன் இழுப்பான். ரோகு தக்கையச் சாய்ச்சு வச்சு நிதானமாக் கொண்டு போவும். கெளுத்தி ஒரே முங்கு. கெளுத்தியக் கழத்தும்போது செவுள் ஓரத்து முள்ளு ரெண்டையும் முதுகு முள்ளையும் பாத்துப் புடி. தேளிய மட்டும் கையால தொடாத. அது குத்தினா ராத்திரி பூரா ஆத்தாளக் கூப்பிடுவே, நான்தான் எழும்பி வரணும்.

சரி, அந்த யாரோ. குளத்துக்கு மீன்பாசி குத்தகைன்னு ஒண்ணு உண்டு. பசலி வருசம் ஜூலை 1ல பொறக்கும், அதுக்கு ஏலம் போடுவாங்க. ஏலம் எடுத்தவர் காசு கட்டி, குஞ்சு வாங்கி விட்டு, ராத்திரி காவலும் இருப்பார். நீ அவர்ட்ட ஒரு வார்த்த கேக்காமத் தூண்டில் போட்டா அதுக்குப் பேரு பொழுதுபோக்கு இல்ல. போயி, அண்ணாச்சி, கரையில இருந்து ரெண்டு தூண்டில் போட்டுக்கிடட்டுமான்னு கேளு. காசு கேட்டா குடு. ரீலுக்குக் குடுத்தேல்லா. அரசாங்க அணையா இருந்தா மீன்வளத் துறை ஆபீசுல கேளு. காரையாறு, சேர்வலாறுன்னு மேல ஏற ஆசப்படாத. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988ல இருந்து. அங்கன தூண்டில் போட்டா மீனு மாட்டுதோ இல்லியோ, நீ மாட்டிக்கிடுவே. பாபநாசம் கோயில் படித்துறை மீனுக்குப் பொரி போடலாம், முள்ளு போடக் கூடாது.

தோட்டா, விஷம், கரண்டு, இந்த மூணையும் எவனாவது கூட வாரேன்னு சொன்னா அவன் சகவாசமே வேண்டாம். தோட்டாவும் விஷமும் கூடாதுன்னு 1897லயே சட்டம் போட்டாச்சு. எச்.எஸ். தாமஸ்னு ஒரு துரை, மெட்ராஸ் சிவில் சர்வீஸ்காரர். 1873ல இந்தியாவுல தூண்டில் போடுததப் பத்தி ஒரு பொஸ்தகம் எழுதினார். அது போதாம 1887ல குளத்துத் தூண்டிலுக்குன்னே தனியா இன்னொரு பொஸ்தகம். துரைக்கே ரெண்டு பொஸ்தகம் தேவப்பட்டிருக்கு. நீ அரை நிமிச வீடியோ ஒண்ணப் பாத்துட்டு வந்து நிக்கே.

கடைசியா, சிரிக்காமச் சொல்லுதேன். தண்ணிமேல செவப்பா, கொசகொசன்னு ஒரு குஞ்சுக் கூட்டம் நவண்டு போறதப் பாப்பே. அது விரால் குஞ்சு. அதுக்கு நேர் கீழ தாயும் தகப்பனும் காவலுக்கு நிக்கும். அந்த நேரத்துல தவளைய மேல போட்டா பசி இல்லாட்டாலும் பாஞ்சு கடிக்கும், குஞ்சக் காக்க. ரொம்ப லேசாப் புடிச்சிரலாம், அதனாலதான் கெட்டிக்காரனெல்லாம் அப்பம் புடிக்கான். தாய் போன மறுநிமிசம் கெண்டையும் கொக்கும் சேர்ந்து அந்தக் கூட்டத்த முடிச்சிரும். ஆயிரம் விராலு ஒரு கொழம்புல போச்சு. செவப்பக் கண்டா தூண்டிலச் சுருட்டிட்டு வேற எடம் போ. அதே மாதிரி பெரிய மீச வச்ச ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினா பாவம் பாத்துத் திரும்ப விடாத. அது வளக்கவே தடை பண்ணின மீனு, மத்த குஞ்சையெல்லாம் முழுங்கிரும்.

அம்புட்டுத்தான் மக்கா. பேப்பர்ல நீர்மட்டம் பாரு, குத்தகைக்காரர்ட்ட கேளு, காத்துக்கு எதுத்த கரையில நில்லு, குஞ்சோட நிக்கிற மீனத் தொடாத. இந்த நாலும் செஞ்சா மூங்கில் கம்புலயும் மீனு வரும். இதுல ஒண்ண விட்டாலும் அந்த ரீலு வெறும் பாரந்தான்.